இருபது கேள்வியில் எந்த எழுத்தும்

பென்சில் பிடிக்க முடியாத, பேச்சும் வராத குழந்தை எழுத முடியுமா? முடியும். எழுத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் எழுதுவது. அதற்கு உறுதியாக வரும் ஓர் அசைவு போதும்: கண்ணை மேலே தூக்குவது, விரல் தட்டுவது. அதுவே ‘ஆமாம்’. அசையாவிட்டால் ‘இல்லை’.

247 எழுத்தையும் வரிசையாகக் கேட்டால் ஒரு சொல் முடிவதற்குள் குழந்தை சோர்ந்துவிடும். இங்கே இலக்கணமே கைகொடுக்கிறது. நான்கு காலண்டர் அட்டைகளில் உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் ஆகியவற்றை நான்கு நிறங்களில் பெரிதாக எழுதுங்கள். இனங்களின் பெயர் குழந்தைக்குத் தெரிய வேண்டாம், “மஞ்சளா? சிவப்பா?” என்று கேட்டால் போதும். அட்டை முடிவானதும் அதிலுள்ள எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு வாசியுங்கள். மெய் கிடைத்தபின் “புள்ளியா, குறிலா, நெடிலா?”, பிறகு அந்த வகை உயிர்கள் ஒவ்வொன்றாக. எந்த உயிர்மெய்யும் இருபது கேள்விக்குள் வந்துவிடும். ‘ம’வுக்குப் பதினொன்று (அட்டைக்கு 3, மெய்க்கு 5, குறிலுக்கு 2, உயிருக்கு 1), ‘ணி’க்குப் பத்து, ஆக ‘மணி’ எழுத 21 கேள்வி.

தவறு நடப்பது பெரும்பாலும் நம் பக்கம். சரியான எழுத்து வரும்போது குரல் தானாக உயரும். குழந்தை எழுத்தைப் பார்க்காமல் நம் தொனியைப் படிக்கப் பழகிவிடும். ஒரே குரலில் கேளுங்கள். தசை இறுக்கமுள்ள குழந்தைக்கு அசைவு தொடங்கவே நேரமாகும். ஒவ்வொரு கேள்விக்கும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கையைப் பிடித்து எழுதவைக்காதீர்கள், அது உங்கள் எழுத்து.

எழுத்துகள் தெரிந்த பிறகுதான் இது என்று காத்திருக்கவும் வேண்டாம். முதலில் ‘டமபயா’ என்றுதான் வரும். அதைத் திருத்தாமல், “ம எழுதியிருக்கே! மழை பெய்யுதே, அதுவா?” என்று கேட்டு, கீழே ‘மழை’ என எழுதிக் காட்டுங்கள். தேர்ந்த எழுத்துக்குப் பதில் கிடைக்கும்போதுதான் எழுத்துக்குப் பொருள் உண்டு என்பது விளங்கும். கொம்பு வரும் இடத்தில் கவனம்: ‘கெ’ ஒலியில் க முன்னே, வடிவத்தில் கொம்பு முன்னே. “க, எ, கெ” என்று சொல்லியபடியே எழுதுங்கள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள் மலையாளமும் கேட்டு வளர்கிறார்கள். அதற்கு இதே அட்டை உதவாது. அங்கே க, ச, ட, த, ப எனத் தொடங்கும் ஐந்து வர்க்கங்களில் ஐந்தைந்தாக 25 எழுத்துகள், மற்றவை தனி. அந்த வரிசைப்படி வேறு அட்டை செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மேசையில் விரிக்காதீர்கள். தமிழில் ஒரே க, மலையாளத்தில் நான்கு.