தொட்டிக்குள் இருப்பது நீங்கள் போட்ட ஈஸ்ட்தானா?

எத்தனால் ஆலை ஆய்வகங்களில் ஈஸ்ட்டைப் பற்றி ஒரு ஷிஃப்டில் குறித்து வைப்பது பெரும்பாலும் இரண்டு எண்கள்தான்: மொத்தச் செல்கள் எத்தனை, அதில் உயிரோடு இருப்பவை எத்தனை சதவீதம். மெத்திலீன் ப்ளூ சாயம் விட்டு, நீலம் ஏறிய (அதாவது செத்த) செல்களைக் கழித்து எண்ணுகிறோம். எண் நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். நீலம் ஏறாத அந்தச் செல் நாம் போட்ட ரகம்தானா என்பதை நுண்ணோக்கி காட்டாது.

பிரேசில் ஆலைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே நொதித்தல் முடிந்ததும் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2 முதல் 2.5 வரை இறக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். பருவம் 200 நாளுக்கும் மேல். பேக்கரி ஈஸ்ட்டில் தொடங்கிய ஆலைகளில் குரோமோசோம்களை ஜெல்லில் பிரித்துப் பார்த்தால், சில வாரங்களிலேயே அதைக் காணோம். கரும்போடு உள்ளே வந்த காட்டு ரகங்கள் தொட்டியைப் பிடித்திருந்தன. அவற்றில் பல நுரை கட்டும், திரளும். அப்படிச் செய்யாமல் பருவம் முழுக்கத் தாக்குப்பிடித்த சிலவற்றைத் தேடி எடுத்ததில் கிடைத்தவைதான் இன்று பேர் பெற்ற பிஇ-2, கேட்-1 ரகங்கள்.

பிஇ-2 வழி வந்த ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதி 2009-இல் வெளியானது. அதில் இரண்டு விஷயங்கள் ஆலைக்காரர்களுக்கு முக்கியம்.

ஒன்று, குரோமோசோம் முனைகளை ஒட்டியுள்ள எஸ்என்ஓ, எஸ்என்இசட் மரபணுக்கள். இவை வைட்டமின் பி6 தயாரிப்பவை. எரிபொருள் எத்தனால் ரகங்களில் இவற்றுக்குக் கூடுதல் பிரதிகள் இருக்கின்றன. ஈஸ்ட் வளரும் கரைசலில் தயாமின் (வைட்டமின் பி1) இருந்தால் இந்த மரபணுக்கள் அடங்கிப்போகும். பிரதிகள் அதிகம் இருப்பதால், அப்போதும், சர்க்கரை செறிந்து பி6 இல்லாத நிலையிலும் செல் வளர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, இந்த ஈஸ்ட்டின் இரண்டு குரோமோசோம் தொகுப்புகளும் அச்சு அசலாக ஒன்றல்ல. ஏசிஇ2 என்ற மரபணுவில் ஒரு பிரதி நல்லது, மற்றது பழுது. செல் பிரியும்போது எப்போதாவது நல்ல பிரதி தொலைந்து, இரண்டுமே பழுதாகிவிடும். அப்புறம் சேய்ச் செல் தாயை விட்டுப் பிரியாது, கொத்தாகவே நிற்கும். அகார் தட்டில் (செல்களை வளர்க்கும் கூழ்த் தட்டு) வழவழப்பான காலனிகளுக்கு, அதாவது ஒரே செல்லிலிருந்து வளர்ந்த புள்ளிகளுக்கு, நடுவே சொரசொரப்பாக ஒன்று தெரிந்தால், நான் அதைக் கண்டிப்பாகத் தனியே எடுத்துப் பார்ப்பேன். வெளியிலிருந்து எதுவும் வராமலே, போட்ட ரகமே மாறியிருக்கலாம்.

நம் ஊர் மொலாசஸ் ஆலைகள் பலவற்றில் இவ்வளவு மறுசுழற்சி இல்லை. ஆனாலும் தொடர் நொதித்தல் நடத்துபவர்களுக்கும் ஈஸ்ட்டைத் திருப்பி விடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. விளைச்சல் இறங்கினால் உடனே பாக்டீரியா என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டாதீர்கள். முதலில் தட்டில் பரப்பிக் காலனிகளைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சிலவற்றை எடுத்து, டெல்டா இடைப்பகுதி பிசிஆர் (ரகத்துக்கு ரகம் வேறுபடும் டிஎன்ஏ பட்டைகளைக் காட்டும் சோதனை) செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மூல ரகத்துடன் பட்டைகள் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு மூல ரகம் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருக்க வேண்டும். அது இல்லாமல் எதனோடு ஒப்பிடுவது?

வந்தேறிய ரகம் நுரையில்லாமல், உங்கள் ரகத்தைவிட நன்றாக ஓடுகிறது என்றால், தொட்டியைக் கழுவும் முன் அதையும் ஒரு குப்பியில் உறையவைத்துவிடுங்கள். பிஇ-2வும் அப்படி ஒரு தொட்டியில் கிடைத்ததுதான்.