ஊசி போட்ட பிறகும் கண் ஏன் மூடுவதில்லை?

"ஊசி போட்ட பிறகும் எங்கள் நாயின் கண் திறந்தே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து ஆழமாக மூச்சு இழுத்தது. அதற்கு வலித்திருக்குமோ?" வளர்த்த நாயையோ பூனையையோ கருணைக்கொலை ஊசி போட்டு வழியனுப்பியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. மாதக்கணக்கில் மனதை அரிப்பதும் இதுதான். முறையாகச் செய்யப்பட்டிருந்தால் வலித்திருக்காது. அது எப்படி என்று புரிய, நரம்புச் செல்லில் இருக்கும் ஒரு சின்னக் கதவைப் பார்க்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். அந்த வித்தியாசம் 55 அளவுக்குக் குறைந்தால்தான் செல் சைகை அனுப்பும். செல்லின் சவ்வில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கின்றன. நடுவில் ஒரு துளை. காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் துளை திறக்கும், எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், செல் அடங்கும். கண நேரத்தில் கதவு மூடிக்கொள்ளும். மூளை வலிப்பு வராமல் தன்னைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் இந்தக் கதவுக்குப் பெரும் பங்கு உண்டு.

கருணைக்கொலை ஊசியில் இருக்கும் பென்டோபார்பிட்டால், பார்பிட்டுரேட் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது அதே புரதத்தில் வேறோர் இடத்தில் போய் உட்காருகிறது. திறந்த கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அளவு கூடினால் காபா வராமலேயே கதவைத் திறந்தும் விடுகிறது. டயசெபாம் போன்ற, பதற்றம் தணிக்கும் மருந்துகளால் இது முடியாது. காபா தட்டும்போது கதவை அடிக்கடி திறக்கவைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். பார்பிட்டுரேட்டின் கையில் கதவே இருக்கிறது.

அழகு என்னவென்றால், அடங்கும் வரிசைதான். நினைவும் உணர்வும் பெருமூளைப் புறணியில் கோடிக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் உண்டு. அந்தப் பேச்சு மருந்து மூளையை எட்டிய சில நொடிகளில் அறுந்துவிடும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதயத்துக்குத் தாளம் போட மூளையே தேவையில்லை, இதயத்துக்குள்ளேயே இருக்கும் சிறு செல் முடிச்சு போதும். அதனால் அது கடைசியில் நிற்கும். டாக்டர் சில நிமிடங்கள் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் கேட்பது அதற்காகத்தான். ஆழ்ந்த மூச்சு இழுப்பு, ஆக்சிஜன் கிடைக்காத மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். அப்போது அதை உணர உள்ளே யாரும் இல்லை. கண்ணை மூடி வைக்க ஒரு தசை இறுகவேண்டும். எல்லாத் தசையும் தளர்ந்தபின் இமை பாதி திறந்தே நிற்கும். சிறுநீர், மலம் வெளியேறுவதும் இதனால்தான். அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துவையுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயில். இந்த மருந்துகள் கடுமையான காரத்தன்மை கொண்டவை. ஊசி நழுவிக் குழாய்க்கு வெளியே கசிந்தால் எரியும், மருந்தும் மூளைக்குப் போகாது. சிறுநீரகம் செயலிழந்த வயதான பூனைக்கு நீர் வற்றி, ரத்த அழுத்தம் குறைந்து, குழாய் தட்டுப்படாது. ஆகவே முன்காலில் வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் பொருத்தி வைக்கும் மெல்லிய குழாய்) போட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு முன் மயக்க ஊசி கேளுங்கள். தசையில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அந்த நேரத்தை அவசரப்படுத்த வேண்டாம். மயக்கத்துக்கு சைலசின் என்ற மருந்தைக் கொடுத்தால், குறிப்பாகப் பூனைக்கு, வாந்தி வரலாம். மயக்கம் இல்லாமல் பார்பிட்டுரேட்டை மெதுவாகவோ குறைவாகவோ செலுத்தினால் கால் உதைக்கும், ஊளையிடும். அடக்கும் நரம்புகள் முதலில் அடங்க, மற்றவை கட்டவிழ்ந்து துள்ளுவதால் வருவது அது.

பென்டோபார்பிட்டால் நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பலரிடம் இருப்பது அதே குடும்பத்தின் தயோபென்டோன். கொழுப்பில் நன்றாகக் கரைவதால் அரை நிமிடத்தில் மூளையைப் பிடித்துவிடும். ஆனால் சில நிமிடங்களிலேயே மூளையை விட்டுத் தசைக்கும், பிறகு கொழுப்புக்கும் இடம் மாறிவிடும். ஆகவே ஆழ்ந்த மயக்கம் உறுதியான பிறகு இதயத்தை நிறுத்த பொட்டாசியம் குளோரைடு செலுத்துவார்கள். இதில் தசை துடிப்பது சற்று அதிகமாகத் தெரியும். மயக்கமே இல்லாமல் பொட்டாசியத்தையோ மெக்னீசியம் சல்ஃபேட்டையோ மட்டும் போடுவது கொடுமை. மெக்னீசியம் உடலைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் நினைவைப் போக்காது. "முதலில் என்ன மருந்து, அடுத்து என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இந்த முடிவை எப்போது எடுப்பது என்பதே கடினமான கேள்வி. கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் தந்த அளவுகோல் உதவும்: வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் (நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும்; வலி இல்லையென்றால் வலிக்குப் பத்து). மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். காலண்டரில் தினமும் குறித்து வாருங்கள். மனம் ஏமாற்றினாலும் கணக்கு ஏமாற்றாது. இதய நோயுள்ள நாய் தூங்கும்போது ஒரு நிமிட மூச்சை எண்ணுங்கள். 30க்குள் இருப்பது இயல்பு. தொடர்ந்து அதைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் பேசவேண்டும்.

"பைரவர் வாகனம், ஊசி போட்டால் பாவம், தானாகப் போகட்டும்" என்பார்கள். சிறுநீரகம் கெட்ட விலங்கு தானாகப் போவதென்றால் வாய்ப்புண், ஓயாத குமட்டல், வலிப்பு. வாயில்லா ஜீவனை அதில் விட்டுவைப்பதில் புண்ணியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கருணைக்கொலை என்ற சொல்லிலேயே 'கொலை' ஒட்டிக்கொண்டிருப்பது குற்றவுணர்வை இரட்டிப்பாக்குகிறது.

இறந்த உடலில் மருந்து நெடுநாள் அழியாமல் இருக்கும். ஆழமில்லாக் குழியைத் தெருநாயோ பருந்தோ கிளறித் தின்றால் அதுவும் சாகக்கூடும். கிணற்றிலிருந்து தள்ளி, குறைந்தது நான்கு அடி தோண்டுங்கள். தகன வசதி இருந்தால் அதுவே மேல்.

குழந்தைகளிடம் "தூங்கவச்சிட்டோம்" என்று சொல்லாதீர்கள்; இரவில் தாங்களே தூங்கப் பயப்படுவார்கள். "செத்துப்போச்சு, இனி வராது" என்பதே நல்லது. உங்களுக்கோ, ஐந்து மணிக்கு நடைக்குக் கிளம்பக் கால் எழும், கேட் திறந்தால் காது குரைப்பை எதிர்பார்க்கும். பல வருடப் பழக்கத்தை மூளை ஒரே நாளில் அழிக்காது, இது பைத்தியமல்ல. வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் உடலை முகர விடுங்கள். அது தேடிக்கொண்டே இருந்தால், போனதன் சாக்குப்படுக்கையை உடனே துவைக்காமல் சில நாள் அதே மூலையில் விட்டுவைக்கலாம்.