பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு இலவச எச்.ஐ.வி. சிகிச்சை: எங்கே, எப்படி, என்னென்ன உரிமை

எச்.ஐ.வி. கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம் என்பது பலருக்கும் தெரியும். 2004 ஏப்ரல் 1-ல் எட்டு மருத்துவமனைகளில் இது தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று. முன்பெல்லாம் சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்கள்) எண்ணிக்கை இறங்கினால்தான் மருந்து. 2017 முதல் அந்தக் காத்திருப்பு கிடையாது, தொற்று உறுதியானதும் சிகிச்சை. இப்போது பெரும்பாலானோருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று.

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கும் இதே விதிதான். அவர்களுக்குச் சிக்கல் வருவது மாத்திரையை விடாமல் தொடர்வதில். ஊர் மாறிக்கொண்டே இருக்கும். வேலை இரவில். கூட இருப்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. இதற்கெல்லாம் விதிகளிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள், அதுதான் குறை.

முதல் படி பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு நேராகப் போகலாம். இல்லாவிட்டால் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள் வழியாகப் போகலாம். அங்கே சுமார் 60 பெண்களுக்கு ஒரு பியர் எஜுகேட்டர் இருப்பார். அவரும் இதே தொழிலில் இருப்பவர் அல்லது இருந்தவர். ஆணுறை கொடுப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர் வேலை. முதல் தடவை ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது கூட்டு மருந்து தரும் மையத்துக்குப் போகும்போது இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பேன். எந்த ஜன்னலில் சீட்டு, எந்த அறையில் ரத்தம் எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அலைச்சல் பாதியாகக் குறையும்.

ஊர் மாறுவதுதான் சிகிச்சை அறுந்துபோக முக்கியக் காரணம். சேலத்தில் பதிந்த ஒருவர் வேலைக்காகக் கோவையில் தங்குகிறார், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். சேலத்துக்குப் போக நாளாகும் என்று விட்டுவிட வேண்டாம். சிகிச்சைப் புத்தகத்தோடு கோவை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய், வெளியூர்க்காரர் என்று சொல்லித் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளலாம். நிரந்தரமாக வந்துவிட்டால் பழைய மையத்தில் மாற்றுக் கடிதம் கேட்க வேண்டும். உடல்நிலை சீராக இருந்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தருகிறார்கள். வெளியூர் போகிற வேலை என்று ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்காக ஏ.ஆர்.டி. மையத்துக்கு ரயிலில் போனால் இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு. அதற்கான சான்று மருத்துவமனையில் வாங்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் சின்னச் சின்னதாகச் சில. டப்பா குலுங்கும் சத்தம் பையில் கேட்கும் என்று மாத்திரையை எடுத்து பேப்பரில் மடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், ஈரம் பட்டால் மருந்து கெடும். டப்பாவிலேயே இருக்கட்டும். இரவுதான் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை. காலை பதினொன்றுக்கு எழுபவர் பதினொன்றுக்கே போட்டுக்கொள்ளலாம், தினமும் அதே நேரம் என்பதுதான் கணக்கு. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், ஜெலுசில் மாதிரி அமிலம் தணிக்கும் மருந்து எதையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. அவை உள்ளே போவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ இந்த மாத்திரை இருக்கட்டும். காசநோய்க்கு மருந்து சாப்பிட ஆரம்பித்தால் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸ் அளவு) பரிசோதனை. இதுவும் இலவசம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. ஆனால் மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது, ஆணுறையை விட முடியாது.

சரி, உரிமைகள். 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. துணைக்குத் தெரியப்படுத்தும் பிரிவு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லித்தான் பலர் பயமுறுத்துகிறார்கள். டாக்டரோ ஆலோசகரோ மட்டுமே, அதுவும் உங்களுக்கு ஆலோசனை தந்து, சொல்லப்போகிறேன் என்று தெரிவித்த பிறகுதான் அதைச் செய்யலாம். சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார் என்று ஒரு பெண்ணுக்கு நியாயமான அச்சம் இருந்தால் சொல்லாமல் இருக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆலோசகரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

பையில் ஆணுறை இருந்தால் போலீஸ் பிடிக்குமா? தொற்றைத் தடுக்க எடுக்கும் நடவடிக்கை குற்றமாகாது என்கிறது இந்தச் சட்டத்தின் 22-ம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2022 மே 19-ல் பாலியல் தொழிலாளர் உரிமை பற்றிய புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவும் ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்கிறது. அதே உத்தரவில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. முகவரிச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளிக்கு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநர் தரும் சான்றை வைத்து ஆதார் வாங்கலாம். தொழிலைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியும் அதில் இருக்கக் கூடாது. ஆதார் கையில் வந்தால் வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு என்று மற்றவற்றையும் கேட்க வழி பிறக்கும்.

மருத்துவமனையில் ஒதுக்கினாலோ, சிகிச்சை மறுத்தாலோ, மாநில அரசு நியமித்த குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். 30 நாளில் உத்தரவிட வேண்டும். அவசர சிகிச்சை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில். கோர்ட் வரை போனால் சொந்தப் பெயரை மறைத்து வேறு பெயரில் வழக்கு நடத்தக் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.