மெஷின்மேல எப்படிக் கோபப்படுறது?

வேலை இழந்தவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் பணியில் ஒரு பகுதி. ஆலை மூடியதால் வேலை போன ஒருவர், முதல் நாளிலிருந்தே வேறு இனத்தாரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வந்துதான் பிழைப்பைக் கெடுத்தார்களாம். பணிநீக்கக் கடிதம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அதை வாசிக்கச் சொன்னேன். புதிய இயந்திரங்கள் வந்துவிட்டதால் ஆள் தேவையில்லை என்றுதான் எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தெரியாம இல்லைங்க. ஆனா மெஷின்மேல எப்படிக் கோபப்படுறது?" என்று கேட்டார்.

சம்பளம் நின்று, வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதாக நினைக்கிறவருக்குக் கோபத்தைக் காட்ட ஒரு முகம் வேண்டியிருக்கிறது. இதோ இவன்தான் என்று ஒரு முகத்தைக் கைகாட்டவும் எப்போதும் யாரோ தயாராக இருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் இனவெறுப்பு ஏழைகளின் நோயா? படிப்பும் பணமும் வந்தால் தானாகப் போய்விடுமா? பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை அது உண்மையில்லை. வசதியானவர்களிடம் அது சத்தம் போடுவதில்லை, அவ்வளவுதான். "ஆள் கெட்டிக்காரர்தான். ஆனா நம்ம டீமுக்கு ஒத்துவருவாரா?" என்று ஒரு மேலாளர் என்னிடம் தன்மையாகக் கேட்டார். விண்ணப்பத்தில் ஒரு குறையைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. ஆலைத் தொழிலாளியின் கத்தலால் யாருடைய வேலையும் போகவில்லை. இவருடைய தயக்கத்தால் தகுதியுள்ள ஒருவருக்கு வேலை கிடைக்காமல் போனது. எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரண்டாவது வகைதான்.

மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியல் அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். முடிவுகள் 2004-இல் வெளியாயின. வெள்ளையர் பெயர் இருந்தால் சுமார் 10 விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு. கறுப்பினப் பெயர் இருந்தால் சுமார் 15-க்கு ஒன்று. தகுதியைக் கூட்டி எழுதியபோதும் வெள்ளையர் பெயர்களுக்குத்தான் அதிகப் பலன். அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் வேலை இழந்தவர்கள் அல்ல, வேலை தரும் இடத்தில் இருந்தவர்கள்.

பணம் இருந்தால் பாகுபாட்டிலிருந்து தப்பிக்கலாம் என்பதும் பாதி உண்மைதான். பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வருமானமுள்ள அமெரிக்கக் குடும்பங்களில் வளர்ந்தாலும் கறுப்பின ஆண் பிள்ளைகள் பெரியவர்களானதும் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளிடமும் இதே கதைதான்.

மாற்றம் எங்கே வருகிறது? கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இலேயே சொன்னார்: வெறுப்பு குறைய, இரு தரப்பும் சமநிலையில் நின்று, ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். முதலாளியும் பணியாளுமாக வருஷக்கணக்கில் முகம் பார்த்துக்கொண்டால் போதாது. அதனால்தான் வேறு இனத்தாரோடு பழகியிருக்கிறீர்களா என்று நான் கேட்பதில்லை. யாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

அந்த ஆலைத் தொழிலாளி பின்னர் ஒரு மறுபயிற்சி வகுப்பில் சேர்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர், அவர் திட்டிக்கொண்டிருந்த அதே இனத்தைச் சேர்ந்தவர். சில வாரங்கள் கழித்து என்னிடம் வந்தபோது, "அவர்கிட்டயும் ஒரு லெட்டர் இருக்குங்க. எழுத்துக்கு எழுத்து என்னோடதுதான், தேதி மட்டும் வேற" என்றார்.