பிக்சலுக்குள் ஓடும் கரைக்கோடு

சூளூர்ப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துப் படமெடுக்கும் செயற்கைக்கோள், நெல்லூருக்குக் கிழக்கே வடபெண்ணை முகத்துவாரத்தில் கரை ஆண்டுக்கு 2 மீட்டர் நகர்ந்தால் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?” ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை மொட்டைமாடியிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் இப்படித்தான் மடக்குவார்கள்.

அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். அந்தப் படத்தில் கடல் கறுப்பு, கரை வெளுப்பு. இதுவரை எளிது.

சுவையெல்லாம் இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கிடக்கும் பிக்சலில்தான், அதாவது அந்த 30 மீட்டர் புள்ளியில்தான். காய்ந்த மணல் 30 சதவீத ஒளியையும் நீர் 2 சதவீதத்தையும் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் 16 காட்டினால் அதில் பாதி மணல், பாதி நீர். கரைக்கோடு 15 மீட்டரில் ஓடுகிறது. 23 காட்டினால் முக்கால் பங்கு மணல். கடல் ஏழரை மீட்டர்தான் உள்ளே வந்திருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்துக் கோடு இழுத்தால், நல்ல மணற்கரையில் பிழை 10 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நுரையும் ஈரமணலும் கொஞ்சம் குழப்பும்தான். ஆனாலும் படத்தின் மங்கலையே அளவுகோலாக்கிய இந்தச் சாமர்த்தியம் எனக்கு அலுப்பதேயில்லை.

அடுத்த வில்லங்கம் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம். இந்தப் படங்களை எடுக்கும் அமெரிக்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை, காலை 10 மணியை ஒட்டித்தான் வரும். கடலோ ஒருநாள் ஏறியிருக்கும், ஒருநாள் வடிந்திருக்கும். 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில், நீர் 1 மீட்டர் ஏறினால் கரைக்கோடு 50 மீட்டர் உள்ளே போய்விடும். எனவே பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று என்று பக்கத்தில் வைத்து “ஊரைக் கடல் தின்றுவிட்டது” என்பவரையும் நம்பாதீர்கள், கங்கம்மாவுக்குக் கோபம் என்பவரையும் நம்பாதீர்கள். கரை உண்மையிலேயே அரிந்தாலும் காரணம் கண்முன்னே இருக்கிறது: வடபெண்ணை கொண்டுவரும் வண்டலை மறித்து நிற்கிறது சோமசிலா அணை. கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் நிறுத்திவிடுகின்றன. அம்மனை ஏன் இழுக்க வேண்டும்?

1984-இல் ஏவிய லேண்ட்சாட் 5 தொடங்கி நூற்றுக்கணக்கான படங்களில் ஓதத்தைக் கழித்து, எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டால், தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, ஆண்டுக்கு 2 மீட்டர் என்ற நகர்வும் தெரிந்துவிடும். 2008-இல் அந்தப் படங்களை அமெரிக்கா இலவசமாக்கியதால்தான் ஒரு கல்லூரி மாணவரும் இன்று இதைச் செய்ய முடிகிறது.

ஆனால் ஓதத்தைக் கழிக்கக் கரையின் சரிவு தெரிய வேண்டும். அதற்கு ஒருவர் பருவத்துக்குப் பருவம் மணலில் அளவுகோல் நட்டு அளக்க வேண்டும். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் துளியாவது அவருடைய பஸ் செலவுக்குக் கிடைக்கக் கூடாதா?