நமாஸு-எ: கெளுத்திப் படம்

நமாஸு என்பது ஜப்பானின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் மீசைக்கார மீன். 'எ' என்றால் படம். நமாஸு-எ என்று சேர்த்துச் சொன்னால், 1855 நவம்பர் 11 இரவு எடோ நகரத்தை (இன்றைய டோக்கியோ) நிலநடுக்கம் உலுக்கிய பிறகு அங்கே விற்பனைக்கு வந்த வண்ண மரக்கட்டை அச்சுப் படங்களைக் குறிக்கும்.

நிலநடுக்கத்துக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு? பூமிக்கு அடியில் ஒரு பெரிய நமாஸு கிடக்கிறது, அது புரண்டால் நிலம் ஆடும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. காஷிமா கோயில் தெய்வம்தான் ஒரு கல்லால் அதை அழுத்தி வைத்திருக்கிறார். நிலநடுக்கம் வந்ததோ ஜப்பானியச் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதம். 'தெய்வங்கள் இல்லாத மாதம்' என்று அதற்குப் பெயர். தெய்வங்கள் எல்லாம் இஸுமோ என்ற கோயிலில் ஒன்றுகூடப் போய்விடுவார்களாம். காவலுக்கு எஞ்சியவர் எபிசு என்ற தெய்வம். சில படங்களில் எபிசு தூங்குவதும், காஷிமா தெய்வம் அவசரமாகத் திரும்பி வருவதும் ஏன் என்று இப்போது புரியும்.

புகழ்பெற்ற ஒரு படத்தைப் பார்ப்போம். யோஷிவாராவைச் சேர்ந்த பெண்களும் ஆண்களும் ஒரு பெரிய நமாஸுவைச் சூழ்ந்துகொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிக்கிறார்கள். மேல் மூலையில் இருந்து வேறு சிலர் பதறி ஓடி வருகிறார்கள், மீனைக் காப்பாற்ற! யோஷிவாரா, எடோவில் அப்போது அரசு அனுமதித்திருந்த பரத்தையர் பகுதி. அன்றிரவு அது தீக்கிரையாகி ஏராளமானவர்கள் மாண்டார்கள். ஓடி வருபவர்கள் கட்டட வேலைக்காரர்கள். இடிந்த நகரத்தைத் திரும்பக் கட்டும் வேலை தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூரை வேய்வோருக்கும் கூலியை அள்ளிக் கொடுத்தது. ஒரே மீன் ஒருவருக்கு எமன், இன்னொருவருக்குப் படியளப்பவன். யாருக்கு இழப்பு, யாருக்கு வரவு என்று தெரியாமல் பார்த்தால் இது வெறும் வேடிக்கைப் படமாகவே தெரியும்.

வேறு சில படங்களில் பணக்கார வணிகர்கள் பொற்காசுகளைக் கக்குகிறார்கள். 'யொனாவோஷி', அதாவது உலகைச் சீர்செய்தல், என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த காலம். அச்சுப் படங்களுக்கு அன்று தணிக்கை முத்திரை கட்டாயம். இவற்றில் அது இல்லை. பெரும்பாலும் ஓவியர் பெயரும் இல்லை. சுமார் இரண்டு மாதத்தில் அரசு தடை போட்டு, அச்சுக் கட்டைகளை அழிக்கச் செய்தது. அப்படியும் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் தப்பியிருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? வகைப்பாட்டின்படி நமாஸு நம் ஆற்று வாளையின் குடும்பம். ஆனால் 'வாளைப் படம்' என்றால் நமக்கு மீசை கண்ணில் வராது. மீசை வந்தால்தான் நமாஸு வரும். அதனால் கெளுத்தியே பொருத்தம். 'நிலநடுக்க ஓவியம்' என்றால் மீனே காணாமல் போகிறது. ஓவியம் என்ற சொல்லும், கையால் தீட்டிய ஒற்றைப் பிரதி என்ற எண்ணத்தைத் தருகிறது. இவை கட்டையில் செதுக்கி, பலருக்கும் விற்க அச்சடித்தவை. 'கெளுத்தி அச்சுப் படம்' என்று முதலில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'கெளுத்திப் படம்' என்று சுருக்கிக்கொள்ளலாம். செந்தமிழ் வேண்டுவோருக்குக் 'கெளிற்றுப் படம்' இருக்கிறது.