ஸ்வாப்பை அணைக்கும் முன் விஎம்ஸ்டாட்டைப் பாருங்கள்

சர்வர் மந்தமாகிறது. ரேம் போதாதபோது அதன் துண்டுகளை, அதாவது பக்கங்களை, ஒதுக்கி வைக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப்பில் 2 ஜிபி ஏறியிருக்கிறது. உடனே ஸ்வாப்பை அணைத்துவிடுவது பலருக்கும் கைப்பழக்கம்.

ஸ்வாப்பில் எவ்வளவு கிடக்கிறது என்பது பழைய கணக்கு. என்றோ ஒதுக்கி, பிறகு யாரும் தொடாத பக்கங்கள் அங்கே தூங்குவதால் நஷ்டமில்லை. பார்க்க வேண்டியது போக்குவரத்தை. லினக்ஸில் நொடிக்கொரு வரி காட்டும் 'விஎம்ஸ்டாட் 1' கட்டளையை ஓடவிட்டு எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) பத்திகளைக் கவனியுங்கள். முதல் வரி பூட் ஆனதிலிருந்தான சராசரி, அதை விட்டுவிடலாம். அடுத்த வரிகளிலும் இரண்டும் பூஜ்யமென்றால் கோளாறு வேறெங்கோ. இரண்டும் விடாமல் ஓடி, டிஸ்குக்காக சிபியூ காத்திருக்கும் நேரமான டபிள்யூஏவும் ஏறினால் அது த்ராஷிங், அதாவது பக்கங்களை மாற்றி மாற்றி இழுப்பதிலேயே நேரம் போவது.

உள்ளே நடப்பது இது. ப்ராசஸ் ஒரு முகவரியைத் தொடுகிறது. அந்த 4 கேபி பக்கம் ரேமில் இல்லை என்று பக்க அட்டவணை சொல்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல், ரேமில் ஒரு பக்கம் கொள்ளும் இடமான ஃப்ரேம் ஒன்றைக் காலி செய்து, டிஸ்கிலிருந்து படித்து, அட்டவணையைத் திருத்தி, அதே இன்ஸ்ட்ரக்ஷனை மறுபடி ஓட்டுகிறது. ரேமில் சுமார் 100 நானோ நொடியில் முடிகிற வேலைக்கு எஸ்எஸ்டியில் சுமார் 100 மைக்ரோ நொடி, ஆயிரம் மடங்கு. சுழலும் டிஸ்கென்றால் மில்லி நொடிக் கணக்கு. காலி செய்த பக்கமே அடுத்து தேவைப்பட்டால் இந்தச் சுற்று ஓயாது.

ஸ்வாப்பை அணைத்தால் இது நிற்குமா? ப்ராசஸ் ஓடும்போது தன் தரவை வைக்கும் ஹீப், ஸ்டாக் பக்கங்கள் போக இடமில்லாமல் ரேமிலேயே உட்கார்ந்துகொள்ளும். இடம் போதாத கர்னல், கோப்பிலிருந்து வந்த பக்கங்களைத் தூக்கி எறியும். ப்ரோகிராமின் கோடும் அவற்றில் அடக்கம்! எறிந்ததையே மறுபடி படிக்கும். எஸ்ஐ, எஸ்ஓ சுத்தமாக பூஜ்யம் காட்டும், டிஸ்கிலிருந்து படிப்பதைக் காட்டும் பிஐ பத்தி மட்டும் எகிறும். த்ராஷிங் அப்படியே இருக்கிறது, அதைக் காட்டிய மீட்டர்தான் போயிற்று. கடைசியில், ரேம் தீர்ந்தால் ஏதாவதொரு ப்ராசஸைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் வரும். கன்டெய்னர் 137 என்ற எக்ஸிட் கோடோடு செத்துக் கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று கர்னலுக்குச் சொல்லும் ஸ்வாப்பினஸ் அமைப்பை 60-லிருந்து 0 ஆக்குவதும் அணைப்பதும் ஒன்றல்ல. நெருக்கடி முற்றினால் அப்போதும் ஸ்வாப் நடக்கும்.

1968-ல் பீட்டர் டென்னிங் வொர்க்கிங் செட் என்று விளக்கியதுதான் இங்கே கணக்கு: எல்லா ப்ராசஸ்களும் இப்போது புழங்கும் பக்கங்களின் கூட்டுத்தொகை ரேமுக்குள் அடங்க வேண்டும். ஆகவே வொர்க்கர் எண்ணிக்கையை, டேட்டாபேஸ் பஃபரைக் குறையுங்கள், இல்லையென்றால் ரேம் சேருங்கள். 'டாப்' கட்டளையின் விர்ட் பத்தியைப் பார்த்து மிரள வேண்டாம், அது ஒதுக்கிய முகவரிகளின் அளவு மட்டுமே.

அணைத்தே தீர வேண்டுமென்றால், ஸ்வாப்பில் இருப்பதைவிட 'ஃப்ரீ' கட்டளையின் அவைலபிள் பத்தி பெரிதா என்று பாருங்கள். ஸ்வாப்ஆஃப் அத்தனை பக்கங்களையும் ரேமுக்கு இழுத்து வரும்.